டாப் தாண்டி ஐந்து டிகிரி

அந்த டங்க் சத்தம் வந்தபோது கடையில் மூன்று பேர் இருந்தோம். நான், என் அண்ணன், வண்டியின் சொந்தக்காரர். மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடித்த அண்ணன், "பேட்டரி வீக்கு" என்றான். சொந்தக்காரர் திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன்.

"என்னாடி?" என்றான்.

"இன்னொரு தரம் யாராவது செல்ஃப் அடிச்சா கையை ஒடைப்பேன்."

சொந்தக்காரருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவருக்கு எழுபது வயது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் வரும். அதை மறைத்து எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. இருபது வருடமாகக் கடையில் நிற்கிறேன். இன்றைக்கும் புதிதாக வருகிறவன் என் கையில் இருக்கிற ஸ்பேனரைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையாக்கா?" என்று என்னிடமே கேட்கிறான். "இருக்காங்க, கண்ணாடி போட்டுட்டு வந்து பாரு" என்பேன். தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் கடை. இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது அண்ணன். வயரிங், டைனமோ, செல்ஃப், டைமிங் வைப்பது எல்லாம் நான். ஐஸ் வண்டி, மீன் ஏற்றும் வேன், சில நாள் மீன்பிடி போட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வருகிற செல்ஃப் மோட்டார், இவைதான் எங்கள் பிழைப்பு. இந்த மாதிரி வண்டி எங்கள் கடைக்கு வர வேண்டியதே இல்லை.

சொந்தக்காரரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ரெயூனியன் தீவில் இருந்த காலத்தில் பழையதாக வாங்கிய ஜப்பான் கார், இரண்டு கதவு, அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஊரில் இருக்கிற எல்லாக் கடையிலும் காட்டியாகிவிட்டது. பானட்டைத் திறந்தவர்கள் எல்லாம் "இன்ஜின் எங்கங்க?" என்று கேட்டு மூடிவிட்டார்களாம். பால் கேனைப் படுக்கப் போட்ட அளவுதான் இருக்கும். உள்ளே பிஸ்டன் கிடையாது.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோணம். இட்லி குண்டான் அகலத்துக்கு இரும்பில் ஒரு முக்கோணம், நடுவில் கொஞ்சம் ஒடுங்கின முட்டை மாதிரி இருக்கிற ஒரு கூட்டுக்குள் சுற்றும். அப்படி இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முக்கோணத்தின் மூன்று மூலையிலும் ஐஸ் குச்சி மாதிரி மெல்லிசாக ஒரு சீல் இருக்கும். கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவது அதுதான். இன்ஜினின் உயிர் அதில்தான் இருக்கிறது. தீப்பொறி தப்பான நேரத்தில் விழுந்து உள்ளே ஒரு வெடி வெடித்தால், பிஸ்டன் வண்டி கொஞ்ச நாள் கடகட என்று அடித்துக்கொண்டாவது ஓடும். இது ஓடாது. சீல் சட்டென்று முறிந்துவிடும். முறிந்த துண்டு உள்ளே சுற்றிச் சுவரைக் கீறிவிடும். அவ்வளவுதான்.

பழைய சீல் தேய்ந்து போயிருந்தது. புதுசு ஒரு செட்டை, பிரான்சில் இருக்கிற அவருடைய மகன் எங்கெங்கோ தேடி எட்டு மாதம் கழித்து அனுப்பினான். அதைக் கொடுக்கும்போதே முசியே சொல்லிவிட்டார்.

"இதான் கடைசிமா. இன்னொரு செட் தேட எனக்கு வயசு இல்ல. உடைஞ்சா வண்டிய இரும்புக் கடையில போட்டுருவேன். உங்க மேல கோவிச்சுக்க மாட்டேன். ஆனா போட்டுருவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அண்ணன் அந்த டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினான்.

சேர்த்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். அண்ணனுக்குக் கை சுத்தம். ஒவ்வொரு சீலையும் தாளில் வைத்துக் குறித்து, இடம் மாறாமல் போட்டான். தகராறு டைமிங்கில்தான் வந்தது.

வண்டியோடு ஒரு புத்தகம் இருந்தது. முழுக்கப் பிரெஞ்சு. எங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஒரு நாள் சாயந்திரம் முசியே ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், முதலில் அடிப்பது. மேலே இருப்பது ட்ரெய்லிங், பின்னால் அடிப்பது. முன்பக்கம் பெல்ட் ஓடுகிற புல்லியின் விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும். மஞ்சள் பெயிண்ட் வைத்தது லீடிங்குக்கு, சிவப்பு ட்ரெய்லிங்குக்கு. பொறி விழுகிற நேரத்தில் அந்த வெட்டு, இன்ஜின் மூடியில் இருக்கிற ஊசிக்கு நேராக வர வேண்டும். லீடிங் "செத்த புள்ளிக்கு அஞ்சு டிகிரி அப்புறம்." ட்ரெய்லிங் "செத்த புள்ளிக்கு இருபது டிகிரி அப்புறம்."

"அது என்னாங்க செத்த புள்ளி?" என்றான் அண்ணன்.

"புஸ்தகத்துல அப்படித்தான்பா இருக்கு. மேல் செத்த புள்ளி."

"டாப்ண்ணா" என்றேன் நான்.

பிஸ்டன் முழுக்க மேலே ஏறி நிற்கிற இடம்தான் டாப். பிஸ்டன் வண்டியில் அது வருவதற்கு முன்னாலேயே பொறி வைப்போம். அண்ணன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறான். அவனால் இதைத் தாங்கவே முடியவில்லை.

"செத்ததுக்கு அப்புறம் தீ வெச்சா எழுந்து ஓடுமாங்க முசியே? சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயித்தான் வைப்பாங்க."

முசியே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த இன்ஜினுக்கு அதான் கணக்கு. உனக்குப் புடிக்கலன்னா கம்பெனிக்கு லெட்டர் போடு" என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பேசாத."

"எல்லாம் தெரியாது. இது தெரியும்."

தெரியும் என்று சொன்ன நான்தான் கோட்டை விட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

இன்ஜின் சேர்த்து ஸ்டாண்டில் நின்றபோது ஆயுத பூசை வந்தது. அந்த வாரம் கடையே பெயிண்ட் நாற்றம் அடிக்கும். அண்ணன் கையில் ஒரு சில்வர் ஸ்ப்ரே கேன் கிடைத்தால் நிறுத்த மாட்டான். வைஸ், ஜாக்கி, கம்ப்ரசர் சக்கரம், எல்லாம் வெள்ளி. முசியேயின் இன்ஜினையும் தின்னர் போட்டுக் கழுவி, புல்லிக்கு வெள்ளி அடித்துவிட்டான். அதன் மேல் அண்ணி சந்தனத்தைக் குழைத்து வைத்து, பக்கத்தில் குங்குமம் வைத்தாள். ஸ்பேனருக்கு ஸ்பேனர் பொட்டு வைக்கிறவள், புல்லியை விடுவாளா? நானும் பக்கத்தில் நின்று சூடம் காட்டினேன். பொட்டை வைத்தபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் ஆள் வைத்து இன்ஜினை வண்டிக்குள் இறக்கினான். அன்றைக்கு நான் இல்லை, ஒரு போட்டுக்கு வயரிங் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் காய்ந்துபோன பூவை எல்லாம் எடுத்துவிட்டுத் துடைத்திருக்கிறான். புல்லியில் சந்தனக் கறை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கொஞ்சம் தள்ளி குங்குமம் எண்ணெயில் ஊறிச் சிவப்பாகப் படிந்திருந்தது. மஞ்சள், சிவப்பு. புத்தகத்தில் முசியே படித்தது அவனுக்கு ஞாபகம். மங்கிப்போன அடையாளம் இதுதான் என்று முடிவு கட்டி, டச்சப் பெயிண்ட் வாங்கி வந்து, கறை மேலேயே மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று வைத்துவிட்டான். அசல் வெட்டு இரண்டும் வெள்ளிப் பெயிண்ட் குடித்து, மேலே கிரீஸ் ஏறிக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தன.

மறுநாள் டெல்கோவை வைத்தது நான். பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் டெல்கோ என்போம். புல்லியைக் கையால் சுற்றி மஞ்சளை ஊசிக்கு நேராக நிறுத்தினேன். டெல்கோவை இறக்கினேன். பளிச்சென்று பெயிண்ட் இருந்ததால் அதை நம்பினேன். விரலை வைத்து வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவில்லை. பெயிண்ட் வைத்தது அவன். நம்பியது நான். இதில் யார் பெரிய முட்டாள் என்று இன்றைக்கும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அதற்கு அப்புறம்தான் அந்த டங்க்.

"பேட்டரிதான்டி. சார்ஜ் போட்டுட்டு அடிச்சா பிச்சிக்கிட்டுப் போவும்" என்றான் அண்ணன், சீட்டை விட்டு இறங்காமலே.

"பேட்டரி வீக்கா இருந்தா மொனகும். இது உதைச்சுது."

"எந்த வண்டிதான் உதைக்கல?"

"டாப் தாண்டிப் பொறி குடுக்கற இன்ஜின் எப்படிண்ணா உதைக்கும்? டாப்புக்கு முன்னாடி, நல்லா முன்னாடி வெடிச்சாத்தான் திருப்பி உதைக்கும்."

முசியே இடையில் வந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்கு ஃபிளைட். ஆறு மாதம் மகன் வீட்டில். போவதற்கு முன்னால் வண்டிச் சத்தத்தைக் கேட்டாக வேண்டும் என்று காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் அடிச்சுப் பாத்துரலாமேம்மா. ஒரே தரம்."

"முடியாதுங்க."

"வண்டி என்னுது."

"சீலும் உங்களுதுதான். அதான் முடியாதுங்கறேன்."

பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலின் ஒயரை உருவி என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அண்ணன் கையை நீட்டினான். "அந்த ஒயரைக் குடு." கொடுக்கவில்லை. "ஆள் முன்னாடி அசிங்கப்படுத்தாதடி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் கிளாசைக் கையில் பிடித்தபடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முசியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டு நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

அவர் போனதும் நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சின்னத் திருப்புளியால் மஞ்சள் பெயிண்டைச் சுரண்டினேன். பொருக்காக உதிர்ந்தது. உள்ளே இரும்பு வரவில்லை. மாவு மாதிரி ஏதோ வந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். சந்தனம்.

பிளேடு எடுத்துப் புல்லி விளிம்பு முழுக்கச் சுரண்டிக்கொண்டே போனேன். மூன்று விரல் தள்ளி, வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில், நகம் மாட்டுகிற மாதிரி ஒரு வெட்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மூன்று விரல் என்றால் அந்தப் புல்லியில் கிட்டத்தட்ட நாற்பது டிகிரி. டாப் தாண்டி ஐந்து டிகிரியில் விழ வேண்டிய பொறி, டாப் வருவதற்கு முப்பத்தைந்து டிகிரி முன்னாலேயே விழுந்திருக்கிறது.

"வந்து பாரு" என்றேன்.

அவன் பக்கத்தில் வந்து படுத்தான். நான் விரலை வைத்துக் காட்டினேன். அவன் அசல் வெட்டைத் தடவினான். அப்புறம் உதிர்ந்துகொண்டிருந்த மஞ்சளைத் தடவினான். மேலே ரோட்டில் ஐஸ் லாரி போய் எங்கள் மேல் தூசியைத் தட்டியது.

"பூசைக்கு வெச்சது" என்றான்.

"ஆமா."

"நீ பாக்கலயா வைக்கும்போது?"

அடித்துவிடலாம் போல வந்தது. ஆனால் அவன் கேட்டது நியாயம்தான். "நானும்தான் பாத்தேன்" என்றேன்.

"ஒரே தரம்தான அடிச்சோம்? ஒடைஞ்சிருக்காது இல்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வெடிக்கே முறியும் என்று படித்திருக்கிறேன். ஒரு வெடியைத் தாங்கும் என்று எவனும் எழுதி வைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் தெரியும். பிரித்தால் திரும்பச் சேர்க்க மூன்று வாரம். அது இல்லாமல் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது.

மேல் பிளக் இரண்டையும் கழற்றினேன். கேரி பேக்கில் மெல்லிசாக ஒரு துண்டு கிழித்து, முன் முக்கோணத்தின் பிளக் ஓட்டைக்கு எதிரே டேப் போட்டு ஒட்டினேன். செல்ஃப் அடித்தால் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த ஓட்டையைக் கடக்கும்போது புஸ்ஸென்று காற்றைத் தள்ளும். மூன்று பக்கம், மூன்று புஸ். மூன்றும் ஒரே அளவாக வந்தால் சீல் நன்றாக இருக்கிறது. காற்று வேகமாக வரும் என்பதால் அண்ணனின் போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் படம் எடுக்க ஏற்பாடு. காயில் ஒயர் இன்னும் என் பாக்கெட்டில்தான் இருந்தது, ஆகையால் பொறி விழாது. நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அவன் சாவியைத் திருப்பினான்.

படத்தை ஓட்டிப் பார்த்தோம். கேரி பேக் துண்டு எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. ஒரே உயரம். அவன் மூச்சு விட்டது என் காதில் கேட்டது.

பின் முக்கோணம். அதே மாதிரி துண்டு ஒட்டி, அதே மாதிரி அடித்து, அதே மாதிரி பார்த்தோம். எழுந்தது. எழுந்தது. மூன்றாவது தடவை பாதிதான் எழுந்தது.

திரும்பப் போட்டுப் பார்த்தோம். பெரிசு, பெரிசு, சின்னது. பெரிசு, பெரிசு, சின்னது.

அண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான், எண்ணெய்த் தரையில். ஐம்பத்திரண்டு வயது ஆள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "போச்சு. என் கையாலயே ஒடைச்சிட்டேன்."

நான் நின்றுகொண்டே யோசித்தேன். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு அறை. மூலையில் இருக்கிற சீல்தான் இந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுச்சுவர். நடுச்சுவர் இடிந்தால் ஒரு அறை மட்டும் எப்படிப் பாழாகும்? இரண்டு அறையும் அல்லவா திறந்துகொள்ளும்? ஒரு சீல் முறிந்திருந்தால் இரண்டு புஸ் சின்னதாக வர வேண்டும். இங்கே ஒன்றுதான் சின்னது.

அதைச் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை. "ஆறுதல் சொல்லாத."

"உனக்கு ஆறுதல் சொல்லி எனக்கு என்னா ஆவப்போவுது? எழுந்திரு. இது மூலை சீல் இல்ல. முக்கோணத்துக்குப் பக்கவாட்டுலயும் சீல் இருக்குது, அதுல ஏதோ ஒண்ணு காஞ்சுபோய் ஒட்டிக்கிட்டிருக்குது. சேர்த்ததுலேருந்து ஓடாம நின்ன இன்ஜின்."

அது நிஜமா, எனக்கு நானே சொல்லிக்கொண்டதா என்று அந்த நிமிடம் தெரியாது. ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றினேன். அண்ணன் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினான். இருபது சுற்று, நிறுத்தம். இருபது சுற்று, நிறுத்தம். எங்காவது கரகர என்று தட்டுப்படுகிறதா என்று காதை இன்ஜினில் வைத்துக்கொண்டே சுற்றினான். ஒரு மணி நேரம் இப்படியே போனது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அண்ணி போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. அவள் எனக்கு அடித்தாள். நானும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்ப அடித்துப் படம் எடுத்தோம்.

பெரிசு. பெரிசு. மூன்றாவது... அதுவும் எழுந்தது. ஒரு நூல் குறைச்சல் இருக்கலாம். இரண்டாவது தடவை போட்டபோது அந்த நூலும் இல்லை.

அவன் போனை வாங்கி நான்கு தடவை பார்த்தான். ஐந்தாவது தடவை பார்க்கப் போனபோது பிடுங்கினேன். "வேலையப் பாரு."

அசல் வெட்டு இரண்டையும் இரும்பு மின்னும் வரை சுத்தம் பண்ணி, ஒயிட்னர் வைத்தேன். முதல் வெட்டுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு புள்ளி. டெல்கோவைத் தூக்கி, வெட்டை ஊசிக்கு நேராக நிறுத்தி, திரும்ப இறக்கினேன். இந்தத் தடவை விரலை வைத்துத் தடவினேன். மூன்று தடவை தடவினேன். பிளக் மாட்டி, காயில் ஒயரைச் சொருகினேன்.

"அடி" என்றேன்.

"நான் அடிக்க மாட்டேன்."

"அண்ணா."

"நீ அடி. எனக்குக் கை வரல."

நான் சீட்டில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்புகிற நேரத்தில் எனக்கும் கை வரவில்லை. வெளியே சொல்லவில்லை. திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, சுற்றியது, உதைக்காமல் சுற்றியது. ஊற்றின ஆயில் வெள்ளைப் புகையாகக் கொட்டி டீக்கடை வரைக்கும் போனது. அங்கிருந்து எவனோ, "கொசு மருந்தாக்கா?" என்று கத்தினான். புகைக்குள்ளே இன்ஜின் பிடித்தது. பிஸ்டன் வண்டி மாதிரி இல்லை. தேனீக் கூட்டைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு ரீங்காரம்.

டைமிங் லைட்டை அண்ணன் கையில் கொடுத்தேன். பொறி விழும்போதெல்லாம் அந்த லைட் மின்னும். சுற்றுகிற புல்லியில் வெட்டு நின்ற மாதிரி தெரியும். "ஊசிக்கு எங்க இருக்குது?" என்றேன் டெல்கோவைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு புள்ளி... கொஞ்சம் முன்னாடி."

ஒரு மயிரிழை திருப்பினேன்.

"இப்போ?"

"நேரா."

"நேரான்னா நேரா? உன் பெயிண்ட் நேரா?"

"வெட்டு நேராடி! கொல்லாத."

ட்ரெய்லிங்குக்கு ஒயரை மாற்றிப் போட்டு, உள்ளே இருக்கிற தட்டை நகர்த்தி, இரண்டு புள்ளியையும் நேருக்குக் கொண்டுவந்தேன். இறுக்கினேன். வண்டியை அணைத்தேன். மணி நாலாகப் பத்து நிமிடம்.

"முசியேகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றான் அண்ணன்.

இதை எதிர்பார்த்தேன்.

"ஓடுது இல்ல? அப்புறம் எதுக்குச் சொல்லணும்? மனுஷன் ஃபிளைட் ஏறப் போறாரு. மனசு கஷ்டப்படும்."

"யாரு மனசு?"

"சொன்னா இனிமே ஊர்ல எவன்டி வண்டி குடுப்பான்?"

"ஒரு அடி வாங்கின சீல் அது. நாளைக்கே ரோட்டுல முறிஞ்சா? அவரு தன் மேலயே பழி போட்டுக்கணுமா? இல்ல புள்ள கெட்ட சீலை அனுப்பிட்டான்னு திட்டணுமா?"

ஸ்கூட்டர் வந்து நின்றது.

சொன்னேன். வெள்ளிப் பெயிண்ட், சந்தனம், மஞ்சள் டச்சப், நான் தடவிப் பார்க்காதது, பாதி எழுந்த கேரி பேக், எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. போனில் இருந்த படத்தையும் காட்டினேன். அண்ணன் பழைய துணியால் ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

முசியே கேட்டார். "எத்தனை தரம் அடிச்சீங்க?"

"ஒரு தரம்."

"ரெண்டாவது தரம் நான் அடிக்கச் சொன்னேன்."

"ஆமா."

கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இந்த வண்டி வந்து இறங்கினப்போ நானும்தாம்பா கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஃபாதர் தண்ணி தெளிச்சாரு. ஆனா அவரு கையில பெயிண்ட் டப்பா இல்ல."

அண்ணன் முகம் கருத்துப்போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அலோர்" என்றார் முசியே, முடிவு செய்துவிட்டால் அவர் வாயில் வருகிற பிரெஞ்சு வார்த்தை அது. "நின்னுக்கிட்டுச் சுத்தினா என்ன தெரியும்? பாரம் இழுக்கும்போதுதான் தெரியும். ஓட்டிப் பாப்போம். உடையறதா இருந்தா நான் ஊர்ல இருக்கும்போதே உடையட்டும். நீ ஓட்டும்மா."

அண்ணனைப் பின் சீட்டில் மடக்கி உட்கார வைத்தோம். பின் சீட் என்பது பேருக்குத்தான். முழங்கால் அவன் தாடையில் இடித்தது. மரப்பாலம் தாண்டிக் கடலூர் ரோட்டில் ஏறினோம். முதலில் இன்ஜின் சூடாகும் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். முசியே ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல் தெறித்து அடியில் பட்டதற்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றோம்.

கிருமாம்பாக்கம் தாண்டி ரோடு காலியானது. "மிதி" என்றார் முசியே.

மிதித்தேன். இரண்டாவது கியரில் இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் நாலாயிரம் தாண்டியது, ஐயாயிரம் தாண்டியது. ரீங்காரம் மெல்லிசாகிக்கொண்டே போனது. சீல் முறிவதாக இருந்தால் இங்கேதான் முறியும். என் காது முழுக்க அந்த ஒரு டங்க்குக்காகக் காத்திருந்தது. வரவில்லை. மூன்றாவது கியர் போட்டு ஒரு பால் வண்டியைத் தாண்டினேன். வரவில்லை. காலை எடுத்தேன். வண்டி அடங்கியது. வழுக்கிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தினேன். ஐடில் ஆடாமல் நின்றது. ஸ்டியரிங்கில் என் கை பட்ட இடம் ஈரமாக இருந்தது.

முசியே சிலுவை போட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது பின்னாலிருந்து அண்ணன் பேசினான். கடையை விட்டுக் கிளம்பினதிலிருந்து அவன் பேசின முதல் பேச்சு.

"இழுவை நல்லாத்தான் இருக்குது. ஆனா டெல்கோவ இன்னும் ரெண்டே ரெண்டு டிகிரி முன்னாடி வெச்சம்னா..."

முசியே கதவைத் திறந்து இறங்கினார். தன் சீட்டை முன்னால் மடக்கினார்.

"இறங்குப்பா."

"ஏங்க?"

"நீ பஸ்ல வா."

விளையாட்டு என்று நினைத்து அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். அவன் முழங்காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இறங்கினான். முசியே திரும்ப ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கிளம்பினேன். கண்ணாடியில் அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது சின்னதாகிக்கொண்டே போனது.

முசியேவை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு யாரும் தொட வேண்டாம் என்றேன். கிளம்புவதற்கு முன்னால் உளியும் சுத்தியலும் எடுத்து, டெல்கோவும் இன்ஜினும் சேருகிற இடத்தில், இரண்டிலும் படுகிற மாதிரி ஆழமாக ஒரு கோடு வெட்டினேன். எவன் அசைத்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் கடைக்கு நடந்து வந்து சேர்ந்தபோது அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். ஐஸ் வண்டி ஒன்றின் செல்ஃபைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பக்கம் போய் அந்த வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.